மெக்சிகோவில் காலைச் சாப்பாடு: முதலில் மணி, அப்புறம் கிழமை, கடைசியில்தான் கடை

மெக்சிகோ சிட்டியில் என் முதல் காலை வீணாய்ப் போன கதையிலிருந்து தொடங்குகிறேன், போகிறவர்கள் பாதிப் பேர் அதையேதான் செய்கிறார்கள். 9 மணி வரை தூங்கி எழுந்து, மேப்பில் நட்சத்திரம் எண்ணி, ஒரு காபிக் கடைக்கு நடந்து, வரிசையில் அரை மணி நேரம் நின்று வாஃபிள் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. வெளியே வந்தபோது மணி 10:30. எதிர்ச் சாரியில் ஒரு அம்மா இடுப்பு உயர அலுமினியப் பானை ஒன்றைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். என்ன விற்றீர்கள் என்று சைகையில் கேட்டேன். தமாலேஸ். தீர்ந்துவிட்டதா? சிரித்துக்கொண்டே "மன்யானா" என்றார். நாளைக்கு வா.

அந்த ஊர்ச் சமையலில் இருக்கிற நல்லதில் பெரும்பங்கு மதியத்துக்குள் தீர்ந்துபோகிற சரக்கு. அதனால் "நல்ல கடை எது" என்று தேட ஆரம்பிப்பதே தலைகீழ். எத்தனை மணிக்குச் சாப்பிடப் போகிறீர்கள், அன்று என்ன கிழமை, இந்த இரண்டும் முடிவானால் கடை தானாகவே கண்ணில் படும்.

1. எந்தக் காலை உங்களுடையது?

மெக்சிகோவில் காலைச் சாப்பாடு இரண்டு. விடிந்ததும் கொஞ்சமாகச் சாப்பிடுவது தெசாயுனோ: ஒரு காபி, ஒரு ரொட்டி, இல்லை ஒரு தமால். 10 மணியிலிருந்து 12 மணிக்குள் வயிறு நிறையச் சாப்பிடுவது, பல ஊர்களில் அல்முவெர்சோ. பகலின் பெரிய சாப்பாடான கொமீதா 2 மணிக்கு மேல்தான் வரும், 4 மணி கூட ஆகும். நம் கணக்கில் மதிய உணவு என்று 12:30-க்குப் போய் உட்கார்ந்தீர்களானால் காலைச் சமையல் முடிந்து மதியச் சமையல் அடுப்பில் இருக்கும் நேரத்தில் மாட்டுவீர்கள், எனக்கு இரண்டு முறை நடந்தது.

சீக்கிரம் எழுகிற ஆள் என்றால் உங்களுக்கு விதித்தது தெரு. 6 மணியிலிருந்து 9 மணி வரை மெட்ரோ வாசல்கள், பேருந்து நிறுத்தங்கள், பள்ளிக்கூட முனைகள், குறிப்பாகப் பெரிய மருத்துவமனைகளின் வாசல். இரவெல்லாம் கண்விழித்தவர்களும் வேலைக்கு ஓடுகிறவர்களும் அங்கே வருகிறார்கள், அதனால் ஆவி பறக்கும் பானை ஒன்றாவது நிச்சயம் இருக்கும். அந்தப் பானையில் இருப்பதுதான் தமால்: சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறிய மக்காச்சோளத்தை அரைத்து, கொழுப்புச் சேர்த்து அடித்து, உள்ளே ஏதாவது வைத்து, சோளக்கதிரின் மடலில் சுற்றி ஆவியில் வேகவைத்தது. கொழுக்கட்டைக்கு அமெரிக்கக் கண்டத்தில் ஒரு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெர்தே என்றால் பச்சைச் சட்னியில் கோழியோ பன்றியோ, மோலே என்றால் கறுத்த மசாலாக் குழம்பு, ராஹாஸ் என்றால் மிளகாய்க் கீற்றும் சீஸும், துல்சே என்றால் இனிப்பு, பெரும்பாலும் ரோஸ் நிறத்தில் உலர்திராட்சையோடு இருக்கும். கூடவே அதோலே, சோள மாவில் காய்ச்சிய கெட்டியான சூடான கஞ்சி. சாக்லேட் சேர்த்தால் அதன் பெயர் சம்புர்ராதோ.

தலைநகரில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தத் தமாலை மடலிலிருந்து பிரித்து, பொலீயோ என்கிற நீள்வட்ட ரொட்டியைப் பிளந்து அதற்குள் வைத்துத் தருவார்கள். மாவுக்குள் மாவு. பெயர் குவஹொலோத்தா. படிக்கும்போது அபத்தமாகத் தெரியும், சாப்பிட்டால் பிற்பகல் 3 மணி வரை பசிக்காது, அந்த ஊர்த் தொழிலாளிக்கு வேண்டியதும் அதுதான்.

தாமதமாக எழுகிறவர்கள் கவலைப்பட வேண்டாம், உங்களுக்கு ஃபோந்தா இருக்கிறது. வீட்டுச் சமையல் போடும் சிறிய உணவகம், ஏழெட்டு மேசை, பிளாஸ்டிக் விரிப்பு. தனியாகவும் இருக்கும், சந்தைக் கட்டடத்துக்குள்ளும் இருக்கும். இங்கே காலையில் "பகேத்தே" என்று எழுதியிருந்தால் பழமோ ஜூஸோ, காபி, முட்டை அல்லது சிலாகீலேஸ், பக்கத்தில் பீன்ஸ் (காய் இல்லை, வேகவைத்த பயறு), எல்லாம் சேர்ந்து ஒரே விலை. சிலாகீலேஸ் என்பது தோர்த்தியா என்கிற மெல்லிய சோள ரொட்டியின் பொரித்த துண்டுகளைச் சூடான சட்னியில் புரட்டி, மேலே க்ரீம், சீஸ், வெங்காயம் தூவியது. பச்சையா சிவப்பா என்று கேட்பார்கள். முடிவெடுக்க முடியவில்லை என்றால் "திவோர்சியாதோஸ்" என்று சொல்லுங்கள், விவாகரத்து ஆனவர்கள் என்று அர்த்தம், தட்டில் பாதி பச்சை பாதி சிவப்பாக வரும். சட்னியில் ஊறிப்போவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். படம் எடுத்துக்கொண்டிருந்தால் கூழ்தான் மிஞ்சும்.

2. இன்று என்ன கிழமை?

வழிகாட்டிகள் பலவும் சொல்லாமல் விடுகிற இடம் இது, எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுதான். மெக்சிகோவில் சில காலைச் சாப்பாடுகள் வாரக் கடைசியில் மட்டும் முழு வேகத்தில் நடக்கும், ஏனென்றால் அவற்றைச் செய்யவே ஒரு இரவு ஆகும்.

பார்பக்கோவாவை எடுத்துக்கொள்ளுங்கள். மெக்சிகோ சிட்டிக்கு வடக்கே இருக்கும் இதால்கோ மாநிலம் இதற்குப் பேர்போனது. தரையில் குழி வெட்டி, நெருப்பு மூட்டி, யானைக்கற்றாழை மடல்களை வாட்டி உள்ளே பரப்பி, அதில் ஆட்டிறைச்சியை வைத்து மூடிவிடுவார்கள். இரவு முழுக்க வெந்துகொண்டே இருக்கும். அடியில் ஒரு பாத்திரம் இருக்கும், இறைச்சியிலிருந்து வடிகிற சாறு சொட்டுச் சொட்டாக அதில் விழும், அதில் கொண்டைக்கடலையும் அரிசியும் கிடக்கும். அந்தச் சாறுக்குக் கொன்சொமே என்று பெயர். சனி, ஞாயிறு காலையில் குழியைத் திறப்பார்கள். குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்து கிலோ கணக்கில் வாங்குவார்கள். இரண்டு பேருக்கு அரை கிலோ தாராளம், "மெதியோ கிலோ" என்றால் போதும். கொழுப்பில்லாமல் வேண்டுமென்றால் "மசீசா", எல்லாப் பாகமும் கலந்து வேண்டுமென்றால் "சுர்தீதா". நான் முதல் தடவை ஞாயிற்றுக்கிழமை மதியம் 1 மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். கொன்சொமே மட்டும் இருந்தது. அதுவே இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு வந்தேன், குறை சொல்ல முடியாது, ஆனாலும் 9 மணிக்குப் போயிருக்க வேண்டும்.

தென்கிழக்கே இருக்கும் யுகத்தான் பக்கம் ஞாயிற்றுக்கிழமை என்றால் கொச்சினீத்தா பிபில். பன்றி இறைச்சியைச் சிவப்பு அச்சியோத்தே விதை மசாலாவிலும் புளிப்பு ஆரஞ்சுச் சாற்றிலும் ஊறவைத்து, வாழை இலையில் சுற்றி, குழியில் வேகவைப்பது. மெரிதா நகரில் சந்தியாகோ சந்தைக்குக் காலையிலேயே போனால் இதுவும் கிடைக்கும், பீன்ஸ் திணித்துப் பொரித்த தோர்த்தியாவின் மேல் வான்கோழி வைத்த பனூச்சோவும் கிடைக்கும். வடக்கு மாநிலங்களில் வாரக் கடைசிக் காலை என்றால் மெனூதோ, அதாவது குடல் சூப். முந்தைய இரவின் மதுவுக்குப் பரிகாரம் என்று அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள்.

கிழமையின் இன்னொரு முகம் வாரச்சந்தை. தியாங்கிஸ் என்று பெயர், தெருவையே அடைத்துக்கொண்டு கூடாரம் போடுவார்கள், ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு கிழமை. தெற்கே இருக்கும் வஹாக்கா பள்ளத்தாக்கில் இது இன்னும் அழகாக ஒழுங்குபட்டிருக்கிறது: புதன் எத்லா, வியாழன் சாச்சீலா, வெள்ளி ஒகொத்லான், ஞாயிறு த்லகொலூலா. வஹாக்காவில் நான்கு நாள் தங்குகிறீர்கள் என்றால் எந்தக் கோயில், எந்த இடிபாடு என்று திட்டம் போடுவதற்கு முன் இந்தக் கிழமைகளை எழுதி வைத்துக்கொண்டு மற்றதை அதைச் சுற்றிப் பொருத்துங்கள். ஞாயிறு த்லகொலூலாவில் காலைச் சாப்பாட்டுக்கென்று தனியாக இடம் தேடவே வேண்டாம், புகையைப் பின்தொடர்ந்தால் போதும்.

கிழமையோடு கடிகாரத்தையும் சரிபாருங்கள். கான்கூன் இருக்கும் கிந்தானா ரோ மாநிலம் பக்கத்து யுகத்தானைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கான்கூனிலிருந்து மெரிதா போகிறவர்களுக்கு இது ஒரு மணி நேர லாபம். திரும்பி வரும்போது அதே ஒரு மணி நேரம் நஷ்டம், கொச்சினீத்தாவும் போய்விடும்.

3. முந்தைய இரவே விசாரியுங்கள்

விடுதி வரவேற்பில் "நல்ல உணவகம் எங்கே" என்று கேட்டால் வெளிநாட்டுக்காரர்களுக்கென்று வைத்திருக்கும் பதில்தான் வரும். அதற்குப் பதிலாக "இன்று காலை நீங்கள் எங்கே சாப்பிட்டீர்கள்" என்று கேளுங்கள். முகமே மாறும். ஒரு முறை இப்படிக் கேட்டதற்கு இரவுக் காவலாளி உள்ளேயிருந்து வந்து, வரவேற்பாளர் சொன்ன இடத்தை மறுத்து, இருவரும் பத்து நிமிடம் சண்டை போட்டார்கள். நான் இரண்டு இடத்துக்கும் போனேன், காவலாளி சொன்னதுதான் சரி.

மேப்பில் தேடுவதாக இருந்தால் ஆங்கிலத்தில் தேடாதீர்கள். தெசாயுனோஸ், அந்தொஹீத்தோஸ் (சோள மாவுச் சிற்றுண்டிகள்), ஃபோந்தா, பார்பக்கோவா, இந்தச் சொற்களை ஸ்பானிய எழுத்தில் போடுங்கள். நட்சத்திரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் திறந்திருக்கும் நேரத்தைப் பாருங்கள். காலை 7 மணிக்குத் திறந்து மதியம் 1 மணிக்கு மூடும் கடை காலைச் சாப்பாட்டை நம்பியே பிழைக்கிறது என்று அர்த்தம், கண்ணை மூடிக்கொண்டு போகலாம். காலை 8 முதல் இரவு 11 வரை எல்லாமும் கிடைக்கும் என்கிற இடத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. பெயரில் செனதுரியா என்று இருந்தால் அது ராத்திரிக் கடை, காலையில் போய்க் கதவைத் தட்டாதீர்கள். நல்ல தெருக்கடைகள் பல மேப்பில் இருக்கவே இருக்காது, அதற்குத்தான் காவலாளி.

4. அந்த ஊரில் எது விசேஷமோ அதைக் கேளுங்கள்

எல்லா ஊரிலும் சிலாகீலேஸ் கிடைக்கும், அதனாலேயே எல்லா ஊரிலும் அதையே சாப்பிடுகிறவர்கள் உண்டு. வஹாக்காவில் இருந்தால் மெமேலா சாப்பிடுங்கள்: கல்லில் சுட்ட தடித்த சோள அடை, மேலே பீன்ஸ் விழுது, உதிர்த்த சீஸ். அங்கே 20 தே நொவியெம்ப்ரே சந்தையில் சாக்லேட்டைத் தண்ணீரிலேயே காய்ச்சி, மர மத்தால் நுரை வரக் கடைந்து கிண்ணத்தில் தருவார்கள். பான் தே யேமா என்கிற மஞ்சள்கரு ரொட்டியைப் பிய்த்து அதில் நனைத்துச் சாப்பிட வேண்டும். பாலில் வேண்டுமா தண்ணீரிலா என்று கேட்பார்கள், தண்ணீர் என்று சொல்லுங்கள், கொக்கோவின் கசப்பு அப்போதுதான் தெரியும்.

யுகத்தானில் முட்டை என்றால் மொத்தூல் ஊரின் பெயரைக் கொண்ட வேவோஸ் மொத்தூலேன்யோஸ், பீன்ஸ், பச்சைப் பட்டாணி, ஹாம், பக்கத்தில் பொரித்த நேந்திரம் மாதிரியான வாழைப்பழம். வடக்கே போனால் சோளம் பின்வாங்கி கோதுமைத் தோர்த்தியா வரும், மச்சாக்கா என்கிற உப்புக்கண்டத்தை உதிர்த்து முட்டையோடு வதக்கித் தருவார்கள்.

வெராக்ரூஸ் துறைமுகத்தில் காபிக்காகவே ஒரு காலை ஒதுக்கலாம். கிரான் கஃபே தே லா பர்ரோக்கியாவில் லெச்சேரோ கேட்டால் கண்ணாடிக் குவளையின் அடியில் கொஞ்சம் கடுங்காப்பி மட்டும் வரும். ஏமாந்துவிட்டோமோ என்று விழிக்க வேண்டாம், கரண்டியால் குவளையைத் தட்டுங்கள். பெரிய கெட்டிலோடு ஒருவர் வந்து கொதிக்கிற பாலை உயரத்திலிருந்து ஊற்றுவார். டபராவில் ஆற்றிய காப்பி குடித்து வளர்ந்தவர்களுக்கு அந்த உயரம் உடனே பிடித்துப்போகும். மற்ற ஊர்களில் கஃபே தே ஒய்யா கேளுங்கள், மண்பானையில் வெல்லமும் பட்டையும் போட்டுக் காய்ச்சியது. அந்தப் பட்டை பெரும்பாலும் இலங்கையிலிருந்து போகிற கறுவாதான். வெறும் "கஃபே" என்று கேட்டால் சிறிய ஃபோந்தாக்களில் வெந்நீரும் இன்ஸ்டன்ட் காபி பாட்டிலும் மேசைக்கு வரும். கோபித்துக்கொள்ளாதீர்கள், கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

பழத்தட்டில் சிகோசப்போத்தே என்று ஒன்று இருந்தால் கடித்துப் பாருங்கள். நம்ம சப்போட்டாவேதான். பழமும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது, பெயரும் நவாத்ல் மொழிச் சொல்லிலிருந்து ஸ்பானியம் வழியாக நம்மிடம் வந்தது.

5. கடை முன்னால் இரண்டு நிமிடம்

கூட்டம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், யார் கூட்டம் என்று பாருங்கள். தோளில் பை மாட்டிய அலுவலகக்காரர்கள், சீருடைப் பிள்ளையோடு அம்மாக்கள், நின்றுகொண்டே சாப்பிடும் டாக்சி ஓட்டுநர்கள் என்றால் நில்லுங்கள். கல்லில் மாவைத் தட்டிப் போடும் கை ஒன்று இருக்கிறதா, அல்லது பாக்கெட்டைப் பிரித்துத் தோர்த்தியாவைச் சூடு மட்டும் காட்டுகிறார்களா? பணம் வாங்குகிற ஆளும் சாப்பாட்டைத் தொடுகிற ஆளும் வேறு வேறா? தட்டின் மேல் பிளாஸ்டிக் பை போர்த்தியிருந்தால் அது சுத்தத்துக்குத்தான், ஒவ்வொருவருக்கும் பையை மாற்றிவிடுவார்கள். பானையிலிருந்து ஆவியோடு வருவதும், கல்லிலிருந்து நேராக வருவதும், கொதிக்கும் அதோலேயும் வயிற்றைக் கெடுப்பது அபூர்வம்; எனக்குப் பயம் வெட்டிவைத்து வெயிலில் நிற்கும் பழமும் காலையிலிருந்து திறந்தே கிடக்கும் க்ரீமும்தான். குழாய்த் தண்ணீரை அந்த ஊர்க்காரர்களே குடிப்பதில்லை.

சட்னி விஷயத்தில் நம் வீரத்தைக் காட்ட வேண்டாம். மிளகாயே அந்த மண்ணிலிருந்துதான் நமக்கு வந்தது, அவர்களுக்கு நம்மைவிட அதில் பழக்கம் அதிகம். பச்சை என்றால் மிதம், சிவப்பு என்றால் காரம் என்கிற கணக்கும் வேலைக்காகாது. தட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துத் தொட்டு நக்கிப் பாருங்கள். யுகத்தானில் வெங்காயத்தோடு ஆரஞ்சு நிறத் துணுக்குகள் மிதந்தால் அது அபனேரோ மிளகாய், ஆந்திராக்காரரும் கண் கலங்குவார்.

6. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மெக்சிகோ சைவர்களுக்கு நல்ல நாடு, ஆனால் ஏமாற்றும் நாடு. மந்தேக்கா என்கிற பன்றிக் கொழுப்பு கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும்: தமால் மாவில், பீன்ஸ் விழுதில், சில ரொட்டிகளில். சீஸும் மிளகாயும் வைத்த தமாலாக இருந்தாலும் மாவில் அது இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வஹாக்கா மெமேலாவின் மேல் முதலில் தடவுவது அசியெந்தோ, பன்றிக் கொழுப்பின் அடிவண்டல். "சின் அசியெந்தோ" என்று மாவு கல்லில் விழும்போதே சொல்லிவிட வேண்டும். சட்னியிலும் அரிசியிலும் கோழிச் சாறு சேர்ப்பதுண்டு.

அடுத்த பொறி மொழியில் இருக்கிறது. "சின் கார்னே", இறைச்சி வேண்டாம், என்று என் நண்பர் சொன்னதற்கு ஹாம் போட்ட முட்டை வந்தது. பலருக்குக் கார்னே என்றால் மாட்டிறைச்சி, மிஞ்சினால் பன்றி. கோழியும் ஹாமும் அந்தக் கணக்கில் வராது. அதனால் "சின் கார்னே, சின் போயோ, சின் ஹமோன்" என்று மூன்றையும் அடுக்கிச் சொல்லுங்கள், அப்புறம் "யேவா மந்தேக்கா?" என்று கேளுங்கள், கொழுப்புச் சேர்த்திருக்கிறீர்களா என்று பொருள். பெரும்பாலும் ஒளிக்காமல் பதில் சொல்வார்கள்.

சரி, எதைத் தைரியமாகச் சாப்பிடலாம்? மத்திய மெக்சிகோவின் வாரச்சந்தைகளில் த்லகோயோ தேடுங்கள். நீலச் சோள மாவுக்குள் பீன்ஸோ பருப்போ வைத்து, படகு மாதிரி நீட்டித் தட்டி, கல்லில் சுட்டு, மேலே நொபாலும் சீஸும் வைப்பார்கள். நொபால் வேறொன்றுமில்லை, நம்ம ஊர் வேலியில் முளைத்துக் கிடக்கும் சப்பாத்திக்கள்ளியின் சொந்தம்தான், முள்ளைச் சீவி வதக்கினால் லேசான புளிப்போடு பீன்ஸ்காய் போல இருக்கும். அதே கடையில் பூசணிப்பூ, காளான், வித்லகோச்சே வைத்து மடித்த தோர்த்தியாவான கெசதீயா கிடைக்கும். வித்லகோச்சே என்பது சோளக்கதிரில் பிடிக்கும் கறுப்புப் பூஞ்சை, பார்க்கச் சகிக்காது, ருசி அபாரம். தலைநகரில் மட்டும் கெசதீயாவுக்குச் சீஸ் தானாக வராது, "கொன் கேசோ", சீஸோடு, என்று கேட்டால்தான் போடுவார்கள். பெயரிலேயே சீஸ் இருக்கிறதே என்று வாதாடாதீர்கள், நாட்டின் மற்ற மாநிலத்தவர் தலைநகர்க்காரர்களைக் கிண்டல் செய்வதே இதை வைத்துத்தான். கல்லில் சுட்டதைக் கேளுங்கள், எண்ணெயில் பொரித்தது எந்த எண்ணெயோ.

எதுவும் சரிப்படவில்லை என்றால் தோர்த்தியேரியாவுக்குப் போங்கள். இயந்திரம் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு சுடச்சுடத் தோர்த்தியா தள்ளும் கடை. கால் கிலோ வாங்கி, பக்கத்துச் சந்தையில் ஒரு பழுத்த அவகாடோ, கொஞ்சம் சீஸ், உப்பு. பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து நானே பல காலைகளை இப்படி முடித்திருக்கிறேன்.

7. கேட்பதும் கொடுப்பதும்

போனதும் "புவேனோஸ் தியாஸ்" சொல்லுங்கள். வணக்கம் சொல்லாமல் நேராக ஆர்டர் கொடுப்பது அங்கே முரட்டுத்தனம். கடைக்கார அம்மாவை "சென்யோரா" என்று கூப்பிடலாம். "மே தா உன் தமால் வெர்தே, போர் ஃபவோர்", எனக்கு ஒரு பச்சைத் தமால் கொடுங்கள். "பரா யெவார்" என்றால் கட்டிக் கொடுங்கள். காரமா என்று கேட்க "பீக்கா?" போதும்; "நோ பீக்கா" என்ற பதிலை அப்படியே நம்பாதீர்கள், குழந்தையிலிருந்து மிளகாய் தின்றவர்களின் கணிப்பு அது. எப்போது தயாராகும் என்று கேட்டு "அஹோரீத்தா" என்று பதில் வந்தால் இரண்டு நிமிடமாகவும் இருக்கலாம், இருபது நிமிடமாகவும் இருக்கலாம்.

தெருக்கடைக்குச் சில்லறை கட்டாயம். ஏடிஎம் 500 பெசோ நோட்டாகத் துப்பும்; காலை 7 மணிக்குத் தமால் வண்டியில் அதை நீட்டினால் அந்த அம்மாவின் முதல் போணியே நாசம். முந்தைய இரவே ஏதாவது ஒரு ஒக்ஸோ கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கி மாற்றி வையுங்கள். உட்கார்ந்து சாப்பிடும் இடங்களில் ஒரு கூடை இனிப்பு ரொட்டியைக் கேட்காமலேயே மேசையில் வைப்பார்கள், அது இலவசமில்லை, எத்தனை எடுத்தீர்கள் என்று எண்ணிப் பில்லில் சேர்ப்பார்கள். பில்லும் நீங்கள் கேட்காமல் வராது, "லா குவெந்தா" என்று சொல்லும்வரை உங்களைத் துரத்துவது மரியாதையில்லை என்று விட்டுவிடுவார்கள். அங்கே டிப்ஸ் 10 முதல் 15 சதவீதம்.

நின்று சாப்பிடும் கடையில் சாப்பிட்ட பிறகுதான் காசு, என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று அவர்கள் உங்களைத்தான் கேட்பார்கள். எண்ணிக்கை நினைவிருக்கட்டும். கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களைப் பார்த்து "ப்ரோவேச்சோ" என்று ஒரு சொல், நன்றாகச் சாப்பிடுங்கள் என்று. முன்பின் தெரியாத நாலைந்து பேர் வாய் நிறைய மாவோடு "கிராசியாஸ்" என்பார்கள்.